இரண்டு கிக்குகளுக்கு நடுவே

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். திருவிழாவுக்குக் குழாய் கட்டினால் அடுத்த ஊர்க்காரர் காதில் விழ வேண்டும். விழுந்துவிட்டால் வேலை சுத்தம். அந்த அளவுகோலோடுதான் நான் பெங்களூருக்கு வந்து, இந்திராநகரில் ஒரு நடன விடுதியில் ஒலிப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். அதை என் கையிலிருந்து பிடுங்கிப் போட்டது ஹார்ட் டிரான்ஸ் என்ற வேகமான மின்னணு நடன இசை.

அந்த இசைக்கென்றே ஓர் இரவு முழுவதும் முதன்முறையாக ஒதுக்கப்பட்டபோது, அதன் வேகம் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. ஹவுஸ் என்ற நடன இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 128 தாள அடிகளில் நடக்கும். ஹார்ட் டிரான்ஸ் 140, 150 என்று ஓடும். அன்று வந்திருந்த ஜெர்மானிய டிஜே 145க்குக் கீழே இறங்கவே இல்லை. முரட்டு இசைதானே என்று, மேடையின் இரு பக்கமும் இருந்த சப் ஊஃபர்களை, அதாவது கீழ்ச்சுருதி ஒலிக்கான பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை, முழுவதுமாகத் திறந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் கூட்டம் ஆடுவதை நிறுத்திவிட்டது. யாரும் வெளியே போகவில்லை. நின்ற இடத்திலேயே தலையை அசைத்தார்கள், அதுவும் ஆளுக்கொரு தாளத்தில். விளக்குகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஸ்ரீராம்புரத்துத் தம்பி ஓடி வந்து, "அண்ணா, காலுக்கு அடி கிடைக்கவில்லை" என்றான். எனக்கு விளங்கவில்லை. மீட்டரில் எல்லாமே உச்சத்தில் இருந்தன.

டிஜே கோபப்படவில்லை. நீளமான ஒரு பாட்டை ஓடவிட்டு இறங்கி வந்தார், என்னை ஆடுதளத்தின் நடுவே நிறுத்தினார், கண்ணை மூடும்படி சைகை காட்டினார். அங்கே கேட்டது ஒரே உறுமல். கிக் என்ற டிரம் அடி எங்கே முடிகிறது, பாஸ் என்ற கீழ்ச்சுருதி இசை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியவில்லை.

இந்த இசையில் கிக் டிரம் ஒவ்வொரு அடியிலும் விழும். பாஸ் பெரும்பாலும் அதன் மேல் விழாமல், இரண்டு கிக்குகளுக்குச் சரிநடுவில் விழும். 145 வேகத்தில் ஒரு கிக்கிலிருந்து அடுத்த கிக் வரை 414 மில்லிவிநாடி. பாஸ் வருவதற்கு அதில் பாதி, 207. அதற்குள் கிக் அடங்கி, அறையும் அடங்கி, பாஸுக்கு வழிவிட வேண்டும். எங்கள் கூடத்துக்கோ கான்கிரீட் கூரை, கான்கிரீட் சுவர். கீழ்ச்சுருதி ஒலி அங்கே ஒரு விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் கிக் அடங்கும் முன்பே இன்னும் இரண்டு வந்து அதன் மேல் ஏறிவிடும். காலை எடுக்கவும் வைக்கவும் ஆடுபவருக்கு வேண்டியிருந்த இடைவெளியை, ஒலியைக் கூட்டக் கூட்ட நானே அடைத்துக்கொண்டிருந்தேன்.

இரு பக்கமும் சப் வைத்ததும் தவறு. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். நிற்பவரிடமிருந்து இரண்டு பெட்டிகளின் தூரம் அதில் பாதி அளவுக்கு, சுமார் மூன்றரை மீட்டர், வேறுபட்டால் ஒன்றின் ஒலியை மற்றொன்று தின்றுவிடும். ஓரிடத்தில் நிற்பவருக்கு வயிறு அதிரும். சில எட்டுகள் தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமே இருக்காது.

அடுத்த வாரம் சப் பெட்டிகள் அனைத்தையும் மேடைக்கு முன்னால் நடுவில் சேர்த்து அடுக்கினோம். திரைச்சீலை தொங்கவிட்டால் போதும் என்று பலர் சொன்னார்கள். திரை மேல்சுருதி ஒலியைத்தான் உறிஞ்சும், 50 ஹெர்ட்ஸ் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். அதை உறிஞ்ச, மூலைகளில் ராக்வுல் என்ற பாறையிழைப் பஞ்சு அடைத்த ஆழமான பெட்டிகளை நிறுத்தச் செலவு கேட்டு, முதலாளியிடம் மூன்று முறை போனேன். கடைசியில், ஒலியை 6 டெசிபல் குறைத்தேன். குறைத்த பிறகுதான் அந்த இசையின் முரட்டுத்தனம் முழுதாக வெளியே வந்தது.

ஒலியைக் குறைப்பதில் எனக்கு இன்னொரு அக்கறையும் உண்டு. அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பின்படி, 85 டெசிபல் ஒலியில் ஒருவர் 8 மணி நேரம் வேலை செய்யலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ஆட வந்தவர்கள் ஓர் இரவோடு போய்விடுவார்கள். பார் மேசைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாள் நிற்கிறார்கள். அவர்களுக்குக் காதடைப்பான் வாங்கித் தராத எந்த விடுதியையும் என்னால் மதிக்க முடியாது.

நல்ல ஹார்ட் டிரான்ஸ் பாட்டில் ஒரு கட்டத்தில் கிக் முற்றிலும் நின்றுபோகும். சூப்பர்சா என்ற ஒலி மெல்ல எழும். 1990களின் பிற்பாதியில் வந்த ரோலண்ட் ஜேபி-8000 கருவி தந்த கொடை அது: ரம்பப் பல் வடிவ அலைகள் ஏழு, ஒன்றுக்கொன்று சற்றே சுருதி விலகி ஒன்றாக ஒலிக்கும். அந்த விலகல்தான் அதற்கு அகலம் தருகிறது. கூட்டம் கையை உயர்த்திக் காத்திருக்கும். கிக் திரும்பி விழும் நொடியில் முன்னூறு பேரும் ஒரே நேரத்தில் தரையை மிதிப்பது, கன்ட்ரோல் மேசையில் இருக்கும் என் முழங்கைக்குத் தெரியும். பெங்களூரில் ஒரு மணிக்குக் கதவடைத்துவிட வேண்டும் என்பதால், ஐரோப்பாவில் விடியும்வரை விரியக்கூடிய ஏற்றத்தை இங்கே இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அடக்குகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

இப்போதும் வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில், காலிக் கூடத்தில் 145 வேகத்தில் கிக்கை மட்டும் தனியாக ஓடவிடுகிறேன். விளக்குத் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தின் நடுவில் வெறுங்காலோடு நிற்பான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் தலையசைத்த பிறகுதான் பாஸைச் சேர்ப்பேன்.