பட்டியல்ல இருந்துச்சு, அதான் போட்டேன்

“பட்டியல்ல ‘ஒற்றுமை’ன்னுதான் இருந்துச்சு. அதான் போட்டேன்.”

அந்த இளம் மொழிபெயர்ப்பாளர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. கலைச்சொல் பட்டியலில் ‘யூனிட்டி’ (unity) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே அந்த ஒரே சொல்தான் இருந்தது. சொல்லை மாற்றிப் போட்டால் சரிபார்க்கும் மென்பொருள் சிவப்புக் கோடு காட்டும். ஆகவே ஜெனரேட்டர் கையேட்டில் “ஒற்றுமையுடன் இயக்கவும்” என்று வந்துவிட்டது. “பட்டியலை நம்பாதீங்க, வாக்கியத்தை நம்புங்க” என்று அவரிடம் சொன்னேன். அன்றே அந்தப் பதிவைப் பட்டியலிலிருந்து நீக்கியும் விட்டேன். சொன்னதும் செய்ததும் சரிதானா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

வாக்கியத்தை நம்பு என்பதற்குக் காரணம் இருக்கிறது. யூனிட்டி வரும் இடத்தில் ஆங்கிலத்திலேயே ‘ஒன்’ என்று போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். வாக்கியம் நின்றால் அது 1 என்ற எண். “யூனிட்டிக்குக் குறைவாக”, “யூனிட்டியை நெருங்கும்போது” என்பன போன்ற இடங்களில் நின்றுவிடும். “நாட்டின் யூனிட்டி” என்ற இடத்தில் நிற்காது. பன்மையில் வந்தால் பெரும்பாலும் நாடகத்தைப் பற்றிய பேச்சு: செயல், காலம், இடம் என்ற மூன்று ஒருமைகள். தலைப்பெழுத்து பெரிதாக இருந்தால் பெயராக இருக்கலாம். 2005-இல் வெளிவந்த விளையாட்டு உருவாக்க மென்பொருள், 2011 முதல் சில ஆண்டுகள் உபுண்டு இயங்குதளத்தின் இயல்பான முகப்பாக இருந்த திரை, 1998 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடம் கொண்டுபோய் ஜார்யா என்ற பகுதியோடு இணைத்த விண்வெளி நிலையப் பகுதி ஆகிய மூன்றுக்கும் அதுதான் பெயர். மூன்றையும் யூனிட்டி என்றே எழுதிவிட்டு நகரலாம்.

எண் என்று தெரிந்த பிறகு வருவதுதான் உண்மையான தொல்லை. “யூனிட்டியில் இயக்கவும்” என்பதை “ஒன்றில் இயக்கவும்” என்று எழுதினால், பல இயந்திரங்களுள் ஏதோ ஒன்றில் இயக்கச் சொல்வதாகவே தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் எதன் மதிப்பு ஒன்று என்பதை முந்தைய வரியில் விட்டுவிட்டு யூனிட்டியை மட்டும் தனியே நிறுத்த முடிகிறது. தமிழில் விட்ட பெயரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். “திறன் காரணி 1 ஆக இருக்கும்படி இயக்கவும்” என்று எழுதினால்தான் பொருள் முழுமையாகும். திறன் காரணி என்பது போகும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதம். வேறொரு நூலில் அந்த இடத்துக்கு ‘பெருக்கம்’ வரும், இன்னொன்றில் ‘விகிதம்’ வரும். பட்டியலில் எந்தச் சொல்லை வைத்தாலும் இந்த வேலையை அது செய்யாது.

அப்படித் திருத்திய அதே கையேட்டில் இரண்டு பக்கம் தள்ளி, “யூனிட்டியைத் தாண்டினால்” என்று ஒரு எச்சரிக்கை இருந்தது. நான் சொன்ன முறைப்படி போனால் “திறன் காரணி 1-ஐத் தாண்டினால்” என்று வரும். திறன் காரணி 1-ஐத் தாண்டவே தாண்டாது. மீட்டரில் 1 நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் லேகிங் (மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பிந்துவது), மறு பக்கம் லீடிங் (முந்துவது), இரு பக்கமும் எண்கள் குறைந்துகொண்டே போகும். மொத்தம் 100 கேவிஏ உள்ள சுமை 0.8 லேகிங்கில் இருந்தால் 80 கிலோவாட் வேலை செய்கிறது, 60 கேவிஏஆர் வேலை எதுவும் செய்யாமல் சும்மா போய்வருகிறது. அதை 0.95-க்குக் கொண்டுவரச் சுமார் 34 கேவிஏஆர் மின்தேக்கி போதும். 1-க்கே கொண்டுவர முழு 60-உம் வேண்டும். கடைசி 0.05-க்காக மட்டும் ஏறத்தாழ 26. முழு 60-ஐயும் நிரந்தரமாக இணைத்துவிட்டுச் சுமை பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும்? 40 கிலோவாட்டுக்கு 30 கேவிஏஆர் மறு பக்கம் மிஞ்சும். மீட்டர் மறுபடியும் 0.8 காட்டும், இம்முறை லீடிங்கில். மின்னழுத்தம் ஏறத் தொடங்கும். “தாண்டினால்” என்று கையேடு சொல்வது இதைத்தான். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் மாறியிருக்காது. ஆகவே “முள் 1-ஐக் கடந்து லீடிங் பக்கம் சென்றால்” என்று எழுத வேண்டும். வாக்கியத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிட முடியாது, மீட்டரைப் பார்த்திருக்க வேண்டும். வாக்கியத்தை நம்புங்கள் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னது இங்கேயே ஆட்டம் காண்கிறது.

ஒலிக்கலவைப் பலகையில் இதைவிட மோசம். யூனிட்டி கெயின் என்றால் உள்ளே வந்த ஒலிச் சைகை கூடாமலும் குறையாமலும் அப்படியே வெளியே போவது. பெருக்கம் ஒரு மடங்கு. ஆனால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்க நகர்த்தும் ஃபேடரின் அளவுகோல் டெசிபலில் இருப்பதால் அந்த இடத்தில் அச்சிட்டிருப்பது 0. மின்னழுத்தம் இரு மடங்கானால் சுமார் 6 டெசிபல். மேல்முனையில் 10 இருந்தால் அங்கே மூன்று மடங்குக்குச் சற்று மேல். “ஃபேடரை ஒன்றில் வைக்கவும்” என்று மொழிபெயர்த்தால் கணக்குப்படி அது பிழையில்லை, படித்தவர் கை மட்டும் தப்பான இடத்துக்குப் போகும். “0 டெசிபல் குறியில் வைக்கவும்” என்பதே சரி. ஒன்று என்று பொருள்படும் சொல்லைச் சுழியம் என்று எழுதுவதற்குப் பட்டியலில் எந்தக் கட்டத்தை ஒதுக்குவது?

‘ஒற்றுமை’ என்று முதலில் பட்டியலில் எழுதியவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மக்கள் சேர்ந்திருப்பதைச் சொல்ல அதைவிட நல்ல சொல் இல்லை. அதுவும் இரண்டு வேலை செய்கிறது: ‘ஒற்றுமை வேற்றுமை’ என்று தேர்வில் கேட்டால் அது ஒப்புமை. ‘ஒருமை’ என்றால் இலக்கணத்தில் பன்மைக்கு எதிர். திருக்குறளில் “ஒருமைக்கண் தான்கற்ற கல்வி” என்னும்போது ஒரு பிறப்பு, “ஒருமை மகளிரே போல” என்னும்போது மாறாத மனம். ஆங்கிலச் சொல்லின் பல முகங்களைப் பற்றிப் புகார் சொல்லும்போது நம் சொற்களும் அப்படித்தான் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சொல்லைப் பிரிப்பதால் பயன் உண்டு என்பதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது 1570-இல் யூக்ளிடின் நூல் ஆங்கிலத்தில் வந்ததை. அதற்கு முன்னுரை எழுதிய ஜான் டீ, கிரேக்க ‘மோனஸ்’ என்பதற்கு யூனிட் என்று எழுதுவதாகவும், அதுவரை எல்லோரும் வழங்கிவந்த யூனிட்டியை விடுவதாகவும் குறித்திருக்கிறார். ஒரு கலைச்சொல் முடிவு, ஒரு வரிக் குறிப்பு. இன்றைக்கு இயற்கணிதத்தில் அந்தப் பிரிவு இல்லாமல் நகர முடியாது. முழு எண்களின் வளையத்தில், அதாவது கூட்டலும் பெருக்கலும் செய்யும் அந்தத் தொகுதியில், எதைப் பெருக்கினாலும் அதை மாற்றாத யூனிட்டி 1 மட்டுமே, யூனிட்டுகள் 1, −1 என இரண்டு. இரண்டையும் அலகு என்று எழுதிய பாடம் அடுத்த வரியிலேயே தன்னோடு முரண்படும். யூனிட்டிக்குப் ‘பெருக்கல் சமனி’, யூனிட்டுக்குப் ‘பெருக்கல் நேர்மாறு உள்ள உறுப்பு’ என்று நீட்டி எழுதுவதே பாதுகாப்பு. ஆனால் அதே கணிதத்தில் z³ = 1 என்ற சமன்பாட்டின் தீர்வுகளை ‘ஒன்றின் முப்படி மூலங்கள்’ என்கிறோம். அங்கே சமனி என்று போட்டால் மாணவருக்குப் புரியாது.

அப்படியானால் பதிவை நீக்கியிருக்கக் கூடாது, ஏழாகப் பிரித்திருக்க வேண்டும். சொல்லுக்கு ஒரு பதிவு என்றில்லாமல் கருத்துக்கு ஒரு பதிவு. ஒவ்வொன்றிலும் துறை, ஒரு வரி விளக்கம், ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம், இந்தத் துறையில் பயன்படுத்தக் கூடாத சொல் ஆகியவை இருக்க வேண்டும். தானாக நிரப்பும் வசதி அந்த ஏழுக்கும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இதைச் செய்ய அரை நாள் போதும். அன்று நீக்குவது ஒரு நொடி வேலையாக இருந்தது. தவறான துணை இருப்பதைவிடத் துணையே இல்லாமல் இருப்பது மேல் என்று அப்போது தோன்றியது. இப்போதும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது. சிவப்புக் கோடு வராத இடத்தில்தான் மனிதர் நின்று யோசிக்கிறார். மீதிப் பாதி, அந்தச் சுமையை யார் தலையில் இறக்கினேன் என்று கேட்கிறது.

ஏனென்றால் பேச்சு அத்தோடு முடியவில்லை. அவர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். அடுத்த கோப்பு மென்பொருள் முகப்புக்கான சொற்கள். வரிசை 212, ஒரு கட்டம், உள்ளே ‘யூனிட்டி’ என்ற ஒரே சொல். முன்னும் பின்னும் ‘சேமி’, ‘ரத்து’ போன்றவை. எல்லாச் சொற்களும் பெரிய தலைப்பெழுத்தில்தான் இருந்தன, பெயரா என்று அதை வைத்தும் சொல்ல முடியாது. எந்தத் திரை என்று சொல்லும் அடையாளக் குறியை ஏற்றுமதியின்போதே யாரோ கழற்றிவிட்டார்கள்.

“இதுல வாக்கியம் எங்க இருக்கு?” என்றார்.

எந்தத் திரையில், எதற்குப் பக்கத்தில், பொத்தானா தலைப்பா என்று மூன்று கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். ஒப்படைக்கும் நேரம் வரை பதில் வரவில்லை. கட்டத்தில் ‘யூனிட்டி’ என்று ஒலிபெயர்த்து, “சூழல் தெரியவில்லை” என்ற குறிப்போடு கோப்பு போயிற்று. அவர் முதலில் சொன்னதற்கும் அந்தக் கட்டத்துக்கும் சேர்த்துச் செல்லும்படி என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று பார்க்கிறேன். ஏழு பதிவுகளை இப்போது எழுதி வைத்திருக்கிறேன். வரிசை 212-க்கு எது பொருந்தும் என்று அவற்றில் ஒன்றும் சொல்லவில்லை.