ஒதுக்கியது எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு

டிசம்பர் 2

மக்களவையில் எம்.பி.க்கள் கேட்டு அமைச்சர்கள் வாயால் பதில் சொல்ல வேண்டிய, நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20. டிவியில் நாம் பார்க்கிற கேள்வி நேரம் அதுதான், அதிலும் நேரில் பதில் கிடைப்பது சிலவற்றுக்கே. குறியிடாத கேள்விகளோ 230 வரை போகும். துணைக்கேள்வி கிடையாது, எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். ஆனால் மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக அட்டவணை போட்டுத் தருவது பெரும்பாலும் இந்தப் பதில்களில்தான், அதனால் எனக்கு இவைமேல் தனி மரியாதை உண்டு.

டிசம்பர் 4

இன்று படித்த பதில்களில் பாதிக்கு மேல் ஏமாற்றம். "திட்டத்தை மேம்படுத்த அரசு எடுத்துவரும் நடவடிக்கைகள் என்ன" என்று ஒரு எம்.பி. கேட்டால், திட்டத்தின் பெருமைகளை ரெண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பிவிடுகிறார்கள், ஒரு எண்கூட இருக்காது. பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்து, குலுக்கலில் தேறி, அப்புறம் கிடைக்கிற வாய்ப்பு இது, இப்படி வீணாகலாமா? ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பட்ஜெட்டில் ஒதுக்கியதெல்லாம் மாநிலத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. போனதும் முழுக்கச் செலவாவதில்லை. செலவுக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் வரவில்லை என்று அடுத்த தவணையை நிறுத்தி வைப்பதும் உண்டு. பணம் எந்த இடத்தில் நின்றது என்பது இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

டிசம்பர் 5

"மருத்துவமனைகள் மாநிலப் பொறுப்பு." இந்த வரி அடிக்கடி வருகிறது. அரசமைப்புச் சட்டப்படி சரிதான். ஆனால் தேசிய சுகாதார இயக்கத்துக்கு மத்திய அரசு தரும் பணத்தைப் பற்றிக் கேட்டால் இந்த வரியைச் சொல்லி நழுவ முடியாது.

டிசம்பர் 9

2020 செப்டம்பர் பதில் ஒன்றைத் திரும்பப் படித்தேன், இப்போதும் ஆத்திரம் வருகிறது. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, அப்படித் தரவு இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நடக்கவில்லை, எழுத்துக் கேள்விகள் மட்டும்தான் இருந்தன. அதுவும் இல்லாமல் போயிருந்தால், கணக்கெடுக்கவில்லை என்பதை அரசு தன் வாயால் சொன்னதாகப் பதிவே இருந்திருக்காது.

டிசம்பர் 12

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று அமைச்சர் சொன்னால் அது வாக்குறுதிக் கணக்கில் சேரும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கவனிக்க 1953லேயே அரசு உறுதிமொழிகள் குழு வந்துவிட்டது. விடாமல் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் விவகாரம் இருக்கிறது. எல்.ஐ.சி. பணம் ஏன் அவருடைய கம்பெனிகளுக்குப் போனது என்று 1957ல் அவையில் எழுந்த கேள்விகள் நீதிபதி சாக்ளாவின் விசாரணை வரை போய், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

டிசம்பர் 13

பட்ஜெட் கூட்டத்தொடருக்காக எங்கள் எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறேன்: ஜல் ஜீவன் திட்டத்தில் குழாய் இணைப்பு தந்த வீடுகள் மாவட்டவாரியாக எத்தனை, அவற்றில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் உண்மையில் வருகிற வீடுகள் எத்தனை, அதைக் கடைசியாக எப்போது, யார் சோதித்தார்கள்?