எஸ்போ பையன்கள்

2019 நவம்பர் 1, வெள்ளி

இன்று மதியச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. ஹெல்சிங்கிக்குப் பக்கத்து ஊரான எஸ்போவின் ஹெவி மெட்டல் பேண்ட் சில்ட்ரன் ஆஃப் போடோம் கலைகிறது. டிரம்ஸ் யாஸ்கா ராட்டிகைனென், பேஸ் ஹென்கா செப்பாலா, கீபோர்டு யானே விர்மன் மூவரும் விலகுகிறார்கள். பாடகரும் முதன்மை கிடார்காரருமான அலெக்சி லைஹோவும், இரண்டாவது கிடாருக்குப் பிற்பாடு வந்து சேர்ந்த டேனியல் ஃப்ரைபெர்க்கும்தான் மிச்சம். டிசம்பர் 15 அன்று ஹெல்சிங்கி ஐஸ் ஹாலில் கடைசிக் கச்சேரி.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு இது புரியாது. பின்லாந்தில் ஹெவி மெட்டல் ஏதோ மூலையில் நாலு பேர் கேட்கிற இசை கிடையாது. லட்சம் பேருக்கு ஐம்பது மெட்டல் பேண்டுக்கு மேல் தேறும் என்று கணக்குச் சொல்வார்கள். 2006இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் அரக்கன் முகமூடி மாட்டிக்கொண்டு எங்கள் லோர்டி பேண்ட் ஜெயித்தபோது நாடே தெருவில் ஆடியது. 2016இல் ஒபாமாகூட வெள்ளை மாளிகை விருந்தில் பின்லாந்தின் மெட்டல் கணக்கைச் சொல்லிச் சிரித்தார். எங்கள் கணக்குப் பிரிவில் ஓய்வு பெறப் போகிற ஒரு அம்மா இருக்கிறார். ஸ்வெட்டர் பின்னுவார், யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். இன்று அவர்தான் முதலில் சொன்னார்: “நம்ம எஸ்போ பையன்கள் நிறுத்துகிறார்களாம்.”

டிக்கெட் எடுத்துவிட்டேன்.

2019 நவம்பர் 10, ஞாயிறு

கடைசிக் கச்சேரிக்கு முன் எல்லா ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். வெளியே நாலரை மணிக்கே இருட்டு. இந்த ஊரில் நவம்பரைத் தள்ளுவதற்கு வேறு வழியும் இல்லை.

1993இல் எஸ்போவில் பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர், லைஹோவும் ராட்டிகைனெனும், ஆரம்பித்த பேண்ட் இது. அப்போது பெயர் இன்எர்த்ட். லைஹோவுக்கு வயது 14. சின்ன வயதில் வயலின் கற்றவர், பதினொரு வயதில் கிடாருக்கு மாறினார். மாதிரிக்குப் பாடிப் பதிந்த டெமோ கேசட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், கடைசியில் பெல்ஜியத்தில் ஒரு சின்னக் கம்பெனியுடன் ஆல்பத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஹெல்சிங்கியின் ஸ்பைன்ஃபார்ம் நிறுவனம் இவர்களைக் கேட்டது. பழைய ஒப்பந்தத்தை என்ன செய்வது? இன்எர்த்ட் கலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அதே ஆட்கள், அதே பாட்டுகளோடு வேறு பெயரில் கம்பி நீட்டினார்கள். புதுப் பெயருக்காகத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டியபோது கண்ணில் பட்டது போடோம் ஏரி. எஸ்போவிலேயே இருக்கிற ஏரி.

1997இல் ‘சம்திங் வைல்டு’. அவசரம் அப்படியே கேட்கிறது. கையில் இருக்கும் வித்தை அத்தனையையும் ஒரே பாட்டில் காட்டிவிட வேண்டும் என்ற பதினெட்டு வயது வேகம். நடுவில் மோட்சார்ட் மெட்டு வேறு வந்து போகிறது. எனக்கு இந்த ஆல்பம் அவ்வளவாக ஒட்டவில்லை.

1999இல் வந்த ‘ஹேட்பிரீடர்’ வேறு சமாச்சாரம். லாப்பேன்ரந்தா ஊரில் அன்சி கிப்போவின் ஆஸ்டியா ஸ்டுடியோவில் பதிவானது. ‘டவுன்ஃபால்’ பாட்டை இன்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஜாஸ் பியானோ படித்துவிட்டு மெட்டலுக்கு வந்த விர்மன் முதலில் கீபோர்டில் ஒரு மெட்டைப் போடுகிறார், பனி நாள் காலை மாதிரி சில்லென்று. அப்புறம் கிடார் வந்து மேலே ஏறுகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் வாங்கிக் கொடுக்குமே, அதுபோலக் கிடாரும் கீபோர்டும் ஒன்றையொன்று சீண்டி, கடைசியில் ஒரே ஓட்டத்தைச் சேர்ந்தே ஓடி முடிக்கின்றன. தொண்டை என்னவோ கத்தல்தான். ஆனால் கத்தலுக்கு அடியில் ஓடுவது அவ்வளவும் மெலடி. இந்த இரண்டையும் இத்தனை கூச்சமில்லாமல் சேர்த்ததுதான் இவர்கள் செய்த புதுசு. அன்றைக்கு டெத் மெட்டல் என்ற கத்தல் வகை மெட்டல்காரர்களுக்குக் கீபோர்டு என்றாலே இளக்காரம்.

2019 நவம்பர் 23, சனி

ஓய்ட்டா போய் வந்தேன். போடோம் ஏரிக் கரையில் இருக்கும் பொழுதுபோக்கு இடம். கோடையில் குழந்தைகள் நீந்துவார்கள், பனிக்காலத்தில் ஸ்கீ போவார்கள். இன்று இரண்டும் இல்லாத நடுத்தரமான சேறு. சானா என்ற நீராவிக் குளியலறையிலிருந்து ஆவி பறக்க வெளியே வந்த ஒரு தாத்தா நேரே தண்ணீருக்குள் இறங்கினார். பார்த்த எனக்குக் குளிர் ஜுரமே வந்துவிடும் போலிருந்தது.

1960 ஜூன் 5 அதிகாலை இந்த ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தூங்கிய நாலு பேரில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். பெண்கள் இருவருக்கும் வயது 15, பையன்களுக்கு 18. உயிர் பிழைத்த பையன் மீதே 2004இல் சந்தேகம் திரும்பி, 2005இல் வழக்கு நடந்து, அக்டோபரில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது.

அந்தப் பெயரைத்தான் பேண்டுக்கு வைத்தார்கள். பெயரோடு விடவில்லை. ‘லேக் போடோம்’, ‘சைலண்ட் நைட், போடோம் நைட்’, ‘போடோம் பீச் டெரர்’ என்று பாட்டுக்குப் பாட்டு அதே ஏரி. அட்டைப்படத்தில் ஆல்பத்துக்கு ஆல்பம் அரிவாள் பிடித்த மரண தேவன். பாட்டு பிடிக்கும், இந்த விஷயம் எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். செத்தவர்களின் வீட்டார் இதே ஊரில்தானே ரேடியோ கேட்டிருப்பார்கள். பதினெட்டு வயதுப் பையன்களிடம் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது, சரி. முப்பது வயதிலும் அதையே பாடினார்களே.

2019 நவம்பர் 30, சனி

‘ஃபாலோ தி ரீப்பர்’, 2000. சுவீடனில் பீட்டர் டேக்ட்கிரேனின் ஸ்டுடியோவில் பதிவு. இவர்கள் செய்ததில் இதுதான் சிகரம். ‘எவ்ரி டைம் ஐ டை’ மெதுவாகப் போகிற பாட்டு. வேகத்தைக் கழித்துவிட்டாலும் இவர்களிடம் பாட்டு மிஞ்சும் என்று அதில்தான் தெரிந்தது.

2003இல் ‘ஹேட் க்ரூ டெத்ரோல்’. பின்லாந்து ஆல்பம் பட்டியலில் முதலிடம். அந்த வருஷமே இரண்டாவது கிடார் அலெக்சாண்டர் குவோப்பாலா போய்விட்டார், ஸ்டோன் என்ற பழைய பேண்டின் ரோபே லாட்வாலா வந்தார். 2005இல் ‘ஆர் யூ டெட் யெட்?’. இங்கே கீபோர்டு பின்னால் போய், ரிஃப் (கிடாரில் திரும்பத் திரும்ப வரும் துண்டு மெட்டு) தடித்து, அமெரிக்க வாடை அடிக்கத் தொடங்கியது. 2006இல் ஸ்லேயர், லாம்ப் ஆஃப் காட், மாஸ்டடான் என்ற அமெரிக்க மெட்டல் பேண்டுகளோடு ஒரே மேடைச் சுற்றுப்பயணம். 2008இல் ‘பிளட்ட்ரங்க்’ அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 22ஆம் இடம். கத்தல் பாட்டுப் பாடுகிற எஸ்போ பையன்களுக்கு அது பெரிய உயரம்தான். இடையில் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் பாட்டு ஒன்றையும் எடுத்து அடித்தார்கள். குறும்பு போகவில்லை.

ஆனால் ‘பிளட்ட்ரங்க்’ எனக்குக் களைத்த ஆல்பமாகவே கேட்கிறது. ஓய்ச்சல் ஒழிவில்லாமல் பஸ்ஸிலும் விமானத்திலும் வாழ்கிற ஆட்கள், நடுவில் கிடைத்த இடைவெளியில் போட்ட பாட்டுகள். அடுத்து வந்த ‘ரிலென்ட்லெஸ் ரெக்லெஸ் ஃபாரெவர்’ பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 2013இல் ‘ஹேலோ ஆஃப் பிளட்’டில் பழைய சூடு திரும்பியது. 2015இல் லாட்வாலா வெளியேறியதும் ‘ஐ வொர்ஷிப் கேயாஸ்’ ஆல்பத்துக்கு எல்லாக் கிடாரையும் லைஹோ ஒருவரே வாசித்தார். இந்த வருஷம் வந்த ‘ஹெக்ஸ்டு’ நல்ல ஆல்பம், நிஜமாகவே. பாட்டு வற்றிப்போய் இந்த பேண்ட் கலையவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

2019 டிசம்பர் 15, ஞாயிறு (எழுதும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது)

ஐஸ் ஹாலுக்கு வெளியே கோட்டு வைக்கிற வரிசையே அரை மணி நேரம். எல்லாரும் கறுப்புக் கோட்டு. டோக்கன் தருகிற பையன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பின்னிஷ்காரர்கள் வரிசையில் பேச மாட்டார்கள் என்பது இன்று பொய்யானது. பக்கத்தில் நின்றவர் தன் மகளைக் கூட்டி வந்திருந்தார். பதின்மூன்று வயது இருக்கும், காதில் சத்தம் தடுக்கும் பெரிய மஃப். அவளுக்கு வரிகள் அத்தனையும் மனப்பாடம்.

‘ஹெக்ஸ்டு’ ஆல்பத்துப் பாட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் பழசுக்கு வந்தார்கள். லைஹோ மெலிந்திருந்தார். விரல் மட்டும் மெலியவில்லை. மேடையில் ஐந்து பேரும் ஒருவரையொருவர் எத்தனை தடவை பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். வாசிப்புக்குத் தேவையான அளவுக்குத்தான். ராட்டிகைனென் டிரம்ஸுக்குப் பின்னால் தலை குனிந்து, வேலை செய்கிறவர் வேலை செய்வது போல, ஒரு அடி பிசகாமல் அடித்தார். கல்யாணமான வீட்டில் பேச்சு நின்ற பிறகும் சமையல் ஒழுங்காக நடக்கும் இல்லையா. கடைசிப் பாட்டு ‘டவுன்ஃபால்’. அந்தக் கீபோர்டு மெட்டு வந்ததும் அரங்கம் முழுக்க அதை வாயால் பாடியது. வார்த்தை இல்லாத மெட்டு, அதனால் எனக்கும் சுலபம்.

2020 அக்டோபர் 25, ஞாயிறு

லைஹோவும் ஃப்ரைபெர்க்கும் புதிய ஆட்களைச் சேர்த்து ‘போடோம் ஆஃப்டர் மிட்நைட்’ என்ற பெயரில் இறங்கியிருக்கிறார்கள். கொரோனா கொஞ்சம் விட்ட இடைவெளியில் இந்த மாதம் பின்லாந்துக்குள் மூன்று கச்சேரி. நான் போகவில்லை.

ஏன் இந்தப் புதுப் பெயர்? பழைய பெயரின் உரிமை ஒரு கம்பெனியிடம், அந்தக் கம்பெனி விலகிய மூவரிடம். அவர்கள் சம்மதம் இல்லாமல் லைஹோ சில்ட்ரன் ஆஃப் போடோம் என்று போட முடியாது. அதனால் தானே எழுதிய பழைய பாட்டின் தலைப்பைப் பெயராக எடுத்துக்கொண்டார். ஒரு ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்கப் பெயர் மாற்றிய பையன், நாற்பது வயதில் இன்னொரு காகிதத்துக்காக மறுபடி பெயர் மாற்றுகிறார். ரசிகர்கள் மூவரையும் திட்டித் தீர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரை அவர்களும்தான் தூக்கிச் சுமந்தார்கள். முகம் ஒருவருடையது என்பதால் உழைப்பும் ஒருவருடையது ஆகிவிடாது.

2021 ஜனவரி 4, திங்கள்

அலெக்சி லைஹோ இறந்துவிட்டார். போன வாரமே, ஹெல்சிங்கியில் வீட்டில். செய்தி இன்றுதான் வெளியே வந்தது. வயது 41. கடைசி வருஷங்களில் உடம்பு சரியில்லாமல்தான் இருந்தாராம்.

வீட்டிலிருந்தே வேலை என்பதால் மதியச் சாப்பாட்டு மேசை இல்லை. கணக்குப் பிரிவு அம்மா குழு அரட்டையில் ஒரு மெழுகுவர்த்திப் படம் மட்டும் போட்டிருந்தார். வேறு யாரும் எதுவும் எழுதவில்லை.

2021 ஏப்ரல் 24, சனி

நேற்று போடோம் ஆஃப்டர் மிட்நைட்டின் ‘பெயிண்ட் தி ஸ்கை வித் பிளட்’ வந்தது. மூன்றே பாட்டு. இரண்டு சொந்தம், ஒன்று சுவீடனின் டிசெக்‌ஷன் பேண்டின் பாட்டு. தலைப்புப் பாட்டில் ‘ஹேட்பிரீடர்’ காலத்துக் கீபோர்டு திரும்ப வந்திருக்கிறது. இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும் இந்த ஆள் என்று தோன்றுகிறது, காரணம் தெரியாமல் கேட்டால்.

காரணம் போன மாதம் வெளியானது. பல வருஷக் குடி ஈரலையும் கணையத்தையும் கெடுத்துவிட்டது. பேண்ட் முழுக்கக் குடியைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு திரிந்தது எல்லாருக்கும் தெரியும். மேடையில் பாட்டிலோடு நிற்கும் படங்களைப் பத்திரிகைகள் விரும்பிப் போட்டன, ரசிகர்கள் கைதட்டினார்கள். பாட்டிலைத் தூக்கிக் காட்டினால் டீ-ஷர்ட் விற்கும். இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

2023 டிசம்பர் 16, சனி

சரியாக நாலு வருஷம் கழித்து, நேற்று, அந்தக் கடைசிக் கச்சேரியின் பதிவு ஆல்பமாக வந்திருக்கிறது. ஒலி சுத்தம். செப்பாலாவின் பேஸ் இவ்வளவு தெளிவாக அரங்கத்தில் எனக்குக் கேட்கவில்லை. இரண்டு கிடாருக்கும் கீபோர்டுக்கும் நடுவில் அவர் எவ்வளவு முட்டுக்கொடுத்தார் என்பது இதில்தான் புரிகிறது. ‘ஹேட் மீ!’ மட்டும் ஸ்டுடியோவில் இருந்த வேகத்துக்கு ஒரு பிடி குறைவு.

இந்தக் குறிப்புகளை வாசிக்கிற தம்பி ஒருவர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். ‘ஃபாலோ தி ரீப்பர்’ முதலில், அப்புறம் ‘ஹேட்பிரீடர்’, அது பிடித்தால் ‘ஹேலோ ஆஃப் பிளட்’. பிரிட்னி பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் கட்டாயம், பக்கத்து வீட்டுக்காரர் பின்னிஷ்காரராக இருந்தால் தவிர.