மலைக்கு டைட் ஸ்பிரிங் வேண்டாம்

ஊட்டியில இருந்து குன்னூர் போற ரோட்டுல எல்லநள்ளி தாண்டி அருவங்காடு பக்கம் வர்றப்போ கொஞ்சம் சமமான ரோடு வரும், மூணாவது கியர்ல 2,500 ஆர்பிஎம்ல ஆக்சிலேட்டர்ல காலை லேசா வெச்சுருந்தா போதும், வண்டி அது பாட்டுக்கு வரணும். என் மினி வரல. ஒரு செகண்ட் இழுக்கும், ஒரு செகண்ட் விட்ரும், மறுபடி இழுக்கும். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா "ஏண்டா இப்படி தலைய ஆட்டுது, கிளட்ச்ல கால் வெச்சிருக்கியா"ன்னு கேட்டாங்க. நான் கால அசைக்கவே இல்ல. கடைசில பாத்தா குத்தம் சூப்பர்சார்ஜரோட, அதாவது இன்ஜினுக்கு காத்தை அழுத்தித் தள்ளுற ப்ளோயரோட, பைபாஸ் வால்வுல. அதையும் அதோட ஸ்பிரிங்கையும் மாத்துன கதைதான் இது.

வண்டி பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். 2005 மாடல் மினி கூப்பர் எஸ், ஆர்53ன்னு சொல்ற தலைமுறை. நம்ம நாட்டுல மினி ஷோரூம் வெச்சு விக்க ஆரம்பிச்சது 2012லதான், இது அதுக்கு ரொம்ப முன்னாடியே இங்கிலாந்துல வேலை பாத்துட்டு ஊர் திரும்புன ஒருத்தர் கூட கப்பல்ல வந்தது, மூணாவது ஓனர் நான். பிரேசில்ல செஞ்ச ட்ரைடெக் 1.6 லிட்டர் இன்ஜின், அதுக்கு முன்னாடி ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். இதுக்கு அடுத்து வந்த கூப்பர் எஸ்ல டர்போ (எக்ஸாஸ்ட் புகையில சுத்துறது) போட்டுட்டாங்க, அதனால பெல்ட்ல ஓடுற ப்ளோயரோட விசில் சத்தம் வேணும்னா இந்தத் தலைமுறைக்குத்தான் வரணும். அந்த சத்தத்துக்காகத்தான் நான் வாங்குனேன், காட்டேரி வளைவுல செகண்ட் கியர்ல மேல ஏறும்போது அது பாடுறத கேட்டா உங்களுக்கும் புரியும்.

பைபாஸ் வால்வுன்னு சொன்னதும் நிறைய பேர் "புஸ்ஸுன்னு சத்தம் வருமா"ன்னு கேக்கறாங்க. வராது. அது டர்போ வண்டியில காத்தை வெளிய விடற வால்வு, இது வேற. இந்த ப்ளோயர் கிராங்க் பெல்ட்டோட கட்டிப் போட்டது, இன்ஜின் சுத்துற வரைக்கும் அதுவும் சுத்தும், ஒரு சுத்துக்கு முக்கா லிட்டர் காத்தை அள்ளி அள்ளி பின்னாடி தள்ளிட்டே இருக்கும், நிறுத்துன்னா நிக்காது. நீங்க மெதுவா போறப்போ அந்த அழுத்தம் எதுக்கும் தேவையில்ல, வெறும் சூடும் பெட்ரோல் செலவும்தான். அதனால ப்ளோயர் தள்ளுன காத்தை திருப்பி அதோட வாய்க்கே கொண்டு போற ஒரு வழி வெச்சு, நடுவுல ஒரு பட்டர்ஃபிளை, அதாவது திறந்து மூடற வட்டத் தகடு, வெச்சிருக்காங்க. அதுதான் பைபாஸ் வால்வு. த்ராட்டில் (ஆக்சிலேட்டரை அழுத்துனா திறக்கற காத்து வாசல்) ப்ளோயருக்கு முன்னாடியே இருக்கறதால, லேசா கால் வெச்சா த்ராட்டிலுக்கும் ப்ளோயருக்கும் நடுவுல நல்ல வேக்கம், அதாவது உறிஞ்சல், இருக்கும், அது ஆக்டுவேட்டர்ங்கற டப்பாவுக்குள்ள இருக்கற ரப்பர் டயஃப்ரத்தை இழுத்து பட்டர்ஃபிளையை திறந்துடும், காத்து சும்மா சுத்திட்டு இருக்கும். கால அழுத்துனா வேக்கம் போயிடும், ஸ்பிரிங் டக்குன்னு மூடிடும், பூஸ்ட், அதாவது ப்ளோயர் குடுக்கற அழுத்தம், வந்துடும். கரண்ட் இல்ல, சென்சார் இல்ல, ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பரும்தான், எனக்கு இந்த மாதிரி வேலைப்பாடு ரொம்பப் புடிக்கும்.

கீழ சமவெளியில ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனப்போ த்ராட்டில் பாடியே மாத்தணும்னு பெரிய எஸ்டிமேட் குடுத்தாங்க. மனசு ஒப்பல, திருப்பி ஓட்டிட்டு வந்துட்டேன். அருவங்காட்டுல எனக்கு ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு, முப்பது வருசமா எஸ்டேட் ஜீப்பும் பச்சத்தேயிலை லாரியும் பாத்த கை. மினியை வாழ்க்கையில முதல் தடவையா பாக்கறாரு, ஆனா பானெட்டைத் தூக்கி ரெண்டு நிமிசம் பேசாம நின்னு பாத்துட்டு, "தம்பி, டயஃப்ரம் வெச்ச சாமான் எது எது இருக்குதோ அத முதல்ல பாத்துருவோம்"னாரு. கையில அழுத்துற வேக்கம் பம்ப் ஒண்ணு வெச்சிருந்தாரு. ஆக்டுவேட்டர்ல மாட்டி இழுத்தா முள்ளு ஏறுது, ஆனா நிக்கல, மெதுவா இறங்கிட்டே வருது, அதாவது ரப்பர்ல எங்கயோ கசிவு. கழட்டி வெளிச்சத்துல புடிச்சப்போ மூடியிருக்கற பட்டர்ஃபிளையைச் சுத்தி ஒரு பக்கம் பிறை மாதிரி வெளிச்சம் தெரியுது, நடு ஷாஃப்ட்டும் ஆடுது. இருவது வருசம் உழைச்ச சாமான், அதைக் குத்தம் சொல்ல முடியாது.

இழுத்து விட்டு இழுத்து விட்டு வந்ததுக்கு காரணமும் அப்போதான் விளங்குச்சு. வால்வு கொஞ்சம் திறந்தா, பின்னாடி இருந்து காத்து ப்ளோயர் வாய்க்கு வந்து சேரும், அங்க வேக்கம் குறையும், வேக்கம் குறைஞ்சதும் ஸ்பிரிங் மூடும், மூடுனதும் மறுபடி வேக்கம் ஏறும், மறுபடி திறக்கும். நல்ல வால்வா இருந்தா இந்த ஆட்டம் நமக்குத் தெரியறதுக்குள்ள ஒரு இடத்துல நிலைச்சுடும், லூசான ஷாஃப்ட்டும் சோர்ந்த ஸ்பிரிங்கும் கசியற ரப்பரும் இருந்தா நிலைக்காது.

கம்பெனி வால்வுக்கு பதிலா வெளி ஆளுங்க செய்யற வால்வு ஒண்ணு வரவழைச்சேன், பாடி அலுமினியம், ஷாஃப்ட் டைட்டா இருந்துச்சு, கூட ரெண்டு ஸ்பிரிங், ஒண்ணு சாதா, இன்னொண்ணு டைட்டானது. கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி கைக்கு வந்தப்போ ஐப்பசி மழை நல்லா புடிச்சிருச்சு. பர்லியார்கிட்ட மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சதுல பார்சல் மேட்டுப்பாளையத்துலயே ஒரு நாள் கெடந்துச்சு.

ஞாயித்துக்கெழமை காலைல ஷெட்ல ஆரம்பிச்சோம். இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும், ஏன்னா இந்த வண்டியில இன்டர்கூலர் (ப்ளோயர்ல சூடான காத்தை ஆற வெக்கற சாமான்) இன்ஜின் தலை மேலயே உக்காந்திருக்கு, பானெட்ல இருக்கற அந்த வாய் அதுக்கு காத்து குடுக்கத்தான். இன்டர்கூலரை எடுக்கணும், ஏர் ஃபில்டர் பெட்டியை எடுக்கணும், த்ராட்டில் பாடியை விலக்கணும், அப்புறம்தான் வால்வுக்கு கை போகும். போல்ட்ல பாதிக்கு மேல டார்க்ஸ், அதாவது நட்சத்திர வடிவத் தலை, ஸ்பேனரை நம்பிப் போனா வேலை நடக்காது. இன்டர்கூலரோட ரெண்டு பக்கமும் இருக்கற ரப்பர் உறையை இழுக்கறப்போ பொறுமை வேணும், குளிர்ல அது மரம் மாதிரி இருக்கும், நாங்க துணியை சுடுதண்ணியில நனைச்சு மேல போட்டு அஞ்சு நிமிசம் விட்டுத்தான் எடுத்தோம். உள்ள கொஞ்சம் ஆயில் ஈரம் இருந்துச்சு, அது கிராங்க்கேஸ் (இன்ஜினோட அடிப்பாகம்) ஆவியில வர்றது, லேசா இருந்தா பயப்பட வேண்டாம்.

இதுல ரொம்ப முக்கியமானது ஒண்ணு. பைப் திறந்ததும் அந்த வாய் எல்லாத்துலயும் சுத்தமான துணி அடைக்கணும், எத்தனை துணி அடைச்சோம்னு எண்ணி வெச்சுக்கணும். எங்களுக்கு நாலு. ஒரு வாஷர் கை நழுவி விழுந்துச்சு, டங்குன்னு எங்கயோ சத்தம், எனக்கு நெஞ்சே நின்னுருச்சு. அண்ணன் எதையும் தொடாம டார்ச் வாங்கி முக்கா மணி நேரம் தேடுனாரு, கடைசில கீழ சப்ஃப்ரேம் மேல கெடந்துச்சு. ப்ளோயருக்குள்ள ரெண்டு ரோட்டர் முடி அளவு இடைவெளியில சுத்துது, அதுல ஒரு வாஷர் போயிருந்தா இந்தப் பதிவை வேற மாதிரி எழுதிட்டு இருந்திருப்பேன்.

வால்வை மாட்டுறது அரை மணி நேர வேலைதான். வேக்கம் ஹோஸ் பழசு நுனியில வெடிச்சிருந்துச்சு, வெட்டி ஒட்டாம புதுசே போட்டோம், நீங்களும் அப்படியே செய்ங்க, புது வால்வு வாங்கிட்டு ஹோஸ்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணி எங்கயாச்சும் கசியுதான்னு பாத்தோம், எங்கயும் கசியல.

எந்த ஸ்பிரிங் போடறதுன்னு வந்தப்போ நான் டைட்டானதைத்தான் போடச் சொன்னேன். படிச்ச எடத்துல எல்லாம் அப்படித்தான் இருந்துச்சு, டைட்டா இருந்தா சீக்கிரம் மூடும், கால் வெச்சதும் பாயும்னு. அண்ணன் மட்டும் "இவ்ளோ அழுத்தம் எதுக்குங்க தம்பி"ன்னு ஒரு தடவை கேட்டாரு.

அன்னிக்கு சாயங்காலமே ஊட்டி போனேன். எல்லநள்ளியில அந்த ஆட்டம் இல்ல, ஆனா விசில் நிக்கவே மாட்டேங்குது, சும்மா உருட்டிட்டுப் போறப்பவும் ப்ளோயர் கத்திட்டே வருது. சேரிங் கிராஸ்ல ட்ராஃபிக்ல ஊர்றப்போ பழைய தலையாட்டம் வேற எடத்துல வந்துருச்சு. இன்டர்கூலரைத் தொட்டுப் பாத்தா வழக்கத்தை விட சூடு. ஒரு வாரம் ஓட்டிப் பாத்தேன், பெட்ரோலும் கூடதான் குடிச்சுது. தப்பா மாட்டிட்டோமோன்னு மறுபடி எல்லாத்தையும் பாத்தோம், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் இறங்குனேன். கல்லாறு தாண்டி பாக்குத்தோப்பு ரோட்டுல வண்டி வேற வண்டி மாதிரி. கால் லேசா வெச்சா அமைதி, அழுத்துனா பாய்ச்சல், ஒரு ஆட்டம் இல்ல. திரும்பி மேல வந்தா குன்னூர்லயே மறுபடி விசில். அப்போதான் பொறி தட்டுச்சு, வண்டியில எந்த வித்தியாசமும் இல்ல, உயரம்தான் வித்தியாசம்.

டயஃப்ரத்துக்கு ஒரு பக்கம் வேக்கம், மறுபக்கம் வெளிக்காத்து. அது இழுபடறது ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துலதான். மேட்டுப்பாளையத்துல வெளிக்காத்து சுமார் 98 கிலோபாஸ்கல், 2,240 மீட்டர் ஒசரத்துல இருக்கற ஊட்டியில சுமார் 78தான். சமமா ஓட்டுறப்போ த்ராட்டிலுக்குப் பின்னாடி உதாரணத்துக்கு 50 இருக்குன்னு வெச்சுக்குவோம், அதே இழுவைக்கு ஏறக்குறைய அதே 50தான் மேலயும் வேணும். அப்போ கீழ வித்தியாசம் 48, மேல வெறும் 28. கிட்டத்தட்ட பாதி! அண்ணனோட பம்ப்ல டைட் ஸ்பிரிங்கை வெச்சு இழுத்துப் பாத்தோம், 32ல அசைய ஆரம்பிச்சு 42லதான் முழுசா திறக்குது. சாதா ஸ்பிரிங் 15ல ஆரம்பிச்சு 25ல முழுசா திறந்துருது. ஊட்டியில என் வால்வு அந்த ஓட்டத்துல திறக்கவே இல்ல, அவ்வளவுதான் விசயம். டைட் ஸ்பிரிங் நல்லதுன்னு எழுதுனவங்க யாரும் பொய் சொல்லல, அவங்க சமவெளியில ஓட்டுறாங்க.

அது மட்டுமில்ல, மலையில எந்த லோடுலயும் வேக்கம் கம்மிதான், அதனால சாதா ஸ்பிரிங்கே இங்க சீக்கிரமா மூடிடும். டைட் ஸ்பிரிங்ல கிடைக்கும்னு சொல்ற பாய்ச்சல் நமக்கு உயரமே குடுத்துடுது. ஆனா மொத்த பூஸ்ட் மட்டும் மேல கம்மியாத்தான் இருக்கும், அதை எந்த ஸ்பிரிங்கும் ஏத்தாது, டர்போன்னா மெல்லிசான காத்துல இன்னும் வேகமா சுத்தி ஓரளவு ஈடு கட்டும், ப்ளோயர் கிராங்க்கோட கட்டுனது, கிராங்க் வேகத்துக்கு ஏத்த மாதிரிதான் சுத்தும்.

மறுபடி எல்லாத்தையும் கழட்டி, மறுபடி நாலு துணி எண்ணி அடைச்சு, சாதா ஸ்பிரிங்கை போட்டோம். இந்தத் தடவை ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது. அண்ணன் கூட வந்தாரு, எல்லநள்ளி ரோட்டுல மூணாவது கியர், 2,500, கால் லேசா. ஒண்ணும் நடக்கல, வண்டி பாட்டுக்கு போச்சு. "இப்ப அமுக்குங்க"ன்னாரு. அமுக்குனேன், கேத்தி பள்ளத்தாக்கு பக்கம் திரும்பற வரைக்கும் அந்த விசில் ஒரே சீரா ஏறிட்டே போச்சு, அண்ணன் கண்ணாடியை இறக்கி விட்டுட்டு கேட்டுட்டே வந்தாரு.

டைட் ஸ்பிரிங் ஒரு சின்ன டப்பாவுல க்ளவ் பாக்ஸ்ல சும்மா கெடக்கு. கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் யாராச்சும் ஆர்53 வெச்சிருந்து இதே வால்வு போட்டிருந்தா சொல்லுங்க, குடுத்துடறேன், அங்க அது நல்லாவே வேலை செய்யும்.