நான்காவது வரிசை

வியட்நாமின் தலைநகர் ஹனோய் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் ஹாலோங் விரிகுடாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். படகில் தங்கினாயா, குகைக்குள் போனாயா என்று. போனேன், அழகுதான், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். ஆனால் நான் ஹனோய்க்கு டிக்கெட் போட்டது ஒரு நாலரை நிமிட வீடியோவை மனதில் வைத்து.

மேட் ஹார்டிங்கை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பேரைச் சொன்னால் தெரியாவிட்டாலும், உலகத்தின் ஒவ்வொரு மூலையிலும் நின்று ஒரே மாதிரி ஆடும் அந்த அமெரிக்கர் என்றால் தெரியும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வீடியோ கேம் உருவாக்கும் வேலையில் இருந்தவர். 2003-இல் வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்த பணத்தோடு ஊர் சுற்றக் கிளம்பினார். ஹனோயில் இருந்தபோது கூட வந்த நண்பர், ‘நீ ஆடுவாயே ஓர் ஆட்டம், அங்கே நின்று அதை ஆடு, படம் எடுக்கிறேன்’ என்றிருக்கிறார். அங்கிருந்துதான் எல்லாமே தொடங்கியது. முழங்காலைத் தூக்கித் தூக்கி, கைகளை வீசி, நின்ற இடத்திலேயே நடப்பது போன்ற ஆட்டம். ஐந்து வயதுக் குழந்தைகூட பார்த்தவுடன் ஆடிவிடும்.

தனக்காகவும் வீட்டாருக்காகவும் எடுத்த அந்தத் துண்டுகள் 2005 வாக்கில் இணையத்தில் பரவின. ஒரு சூயிங்கம் நிறுவனம் செலவை ஏற்றுக்கொள்ள, 2006-இல் ஏழு கண்டங்களிலும் ஆடிய வீடியோ வந்தது. அப்புறம் 2008 ஜூனில் வந்ததுதான் நான் சொல்லும் நாலரை நிமிடம். 42 நாடுகள், 14 மாத உழைப்பு. கோடிக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள்.

பார்த்தவர்களில் அழுதவர்கள் ஏராளம். அதுதான் எனக்கு இத்தனை வருடமாக விடாத கேள்வி. அதில் சோகமாக ஒன்றுமே இல்லை. யாரும் பிரியவில்லை, யாரும் சாகவில்லை. ஒரு மனிதர் ஆடுகிறார், பிறகு பல மனிதர்கள் ஆடுகிறார்கள். ஆனாலும் ‘ஏன் என்று தெரியவில்லை, கண்ணீர் வந்துவிட்டது’ என்று மொழிமொழியாக எழுதினார்கள். நானும் அழுதேன். முதல் தடவை மட்டும் அல்ல.

விண்வெளிப் படங்கள் வெளியிடும் நாசாவின் ‘இன்றைய வானியல் படம்’ பக்கம்கூட 2008 ஜூலை 22 அன்று இந்த வீடியோவைப் போட்டது. வழக்கமாக நெபுலாவும் வால்நட்சத்திரமும் வரும் இடம் அது. இந்த மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு, ஆடுகிறார்கள் என்று பதிலும் சொல்லி, பூமியில் வாழும் ஓர் உயிரினத்தின் பழக்கத்தைத் தூரத்திலிருந்து குறித்து வைப்பது போல விளக்கம் எழுதியிருந்தார்கள். வந்த பாராட்டுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பாட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ரொம்ப நாள் அது என்ன மொழி என்றே எனக்குத் தெரியாது. கூட வேலை பார்த்த வங்காளி நண்பர் ஒருவர் கேட்ட மாத்திரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, “இது எங்கள் தாகூர்” என்றார். ஆங்கில கீதாஞ்சலியில் 69-ஆவது பாடலாக இருக்கும் கவிதையின் வங்காள வடிவம். என் நரம்புகளில் ஓடும் அதே உயிரோட்டம்தான் உலகம் முழுக்கத் தாளத்தோடு ஆடிக்கொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். இசை கேரி ஷைமன், வீடியோ கேம்களுக்கு இசையமைப்பவர். பாடியவர் பங்களாதேஷில் பிறந்து அமெரிக்காவின் மினியாபொலிஸில் இருந்த பல்பாஷா சித்திக். அப்போது அவருக்கு 17 வயது. பொருள் புரியாமல் அழுத லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தக் குரல் பொருளையும் சேர்த்தே கடத்தியிருக்க வேண்டும்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். கையில் காசும் நல்ல பாஸ்போர்ட்டும் உள்ள ஒருவர், ஏழை நாடுகளைப் பின்னணித் திரையாக்கி ஆடுகிறார், அதற்கு ஒரு கம்பெனி பணம் கொடுக்கிறது, இதில் உருகுவதற்கு என்ன இருக்கிறது என்று. இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். விசாவுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அதன் நியாயம் தெரியும். 2006 வீடியோவைப் பொறுத்தவரை அது பாதி உண்மையும்கூட. அதில் பெரும்பாலும் இடம்தான் மாறுகிறது. மலை, பாலைவனம், பனி, நடுவில் இவர்.

ஆனால் அந்தப் பயணத்தில் ருவாண்டாவில் ஒன்று நடந்தது. அவர் ஆட ஆரம்பித்ததும் சுற்றி இருந்த பிள்ளைகள் கேட்காமலேயே வந்து சேர்ந்துகொண்டார்கள். அதிலிருந்துதான் 2008 வீடியோவுக்கான எண்ணம் அவருக்கு வந்தது. அடுத்த பயணத்தில் இடங்களைவிட மனிதர்கள் முக்கியமானார்கள். தனக்கு மின்னஞ்சல் எழுதியவர்களை எல்லாம், உங்கள் ஊருக்கு வருகிறேன், ஆட வாருங்கள் என்று அழைத்தார்.

அந்த வீடியோவில் ஆரம்பத்தில் அவர் தனியாகத்தான் ஆடிக்கொண்டிருப்பார். சட்டென்று ஒரு காட்சியில் இரண்டு பக்கமிருந்தும் ஜனங்கள் ஓடி வந்து சட்டகத்தை நிரப்புவார்கள். எனக்குக் கண் நிறைவது எப்போதும் அந்த இடத்தில்தான்.

சரி, ஹனோய்க்கு வருகிறேன்.

அக்டோபர் மாதம், காற்றில் லேசான குளிர். காலை ஐந்தரைக்கு ஹோவான் கியெம் ஏரிக்குப் போனேன். ‘வாளைத் திருப்பிக் கொடுத்த ஏரி’ என்று பெயருக்கு அர்த்தம். மன்னர் லெ லோய் தனக்குக் கிடைத்த தெய்வீக வாளை இங்கிருந்த ஆமையிடம் திருப்பிக் கொடுத்தார் என்பது கதை. தீவில் இருக்கும் நோக் சான் கோயிலுக்குப் போகும் சிவப்பு மரப்பாலம் பின்னால் தெரிகிற மாதிரி போனை ஸ்டாண்டில் வைத்தேன். மேட் ஹனோயில் எந்தத் தெருவில் ஆடினார் என்று தேடிப் பிடிக்கும் ஆசை எனக்கு இல்லை. அந்த ஊரில் ஒரு தடவை ஆட வேண்டும், அவ்வளவுதான்.

பத்து விநாடி ஆடினேன். போட்டுப் பார்த்தேன். பாலம் அழகாக விழுந்திருந்தது, வெளிச்சமும் சரியாக இருந்தது. ஆனாலும் அதில் உயிர் இல்லை. மூன்று தடவை எடுத்தும் அப்படியேதான். போனை மடக்கிப் பையில் போட்டபோது நெஞ்சில் ஒரு கனம்.

ஏரிக்கரையோடு நடந்தேன். அந்த நேரத்தில் அங்கே மொத்த ஊரும் விழித்திருக்கிறது. ஓடுபவர்கள், இறகுப்பந்து விளையாடுபவர்கள், தாய் சி செய்யும் தாத்தாக்கள். கிழக்குக் கரையில் லீ தாய் தோ மன்னரின் சிலை இருக்கிறது. 1010-இல் தலைநகரை இங்கே கொண்டுவந்தவர். சிலைக்கு முன்னால் இருக்கும் கல் பாவிய திடலில் இசை கேட்டது. சக்கரம் வைத்த பெட்டி ஸ்பீக்கர் ஒன்று. அதன் முன்னால் நாற்பது பெண்கள் போல, ஐந்து வரிசையில். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். பூப்போட்ட தொளதொள உடுப்பு, காலில் துணிச் செருப்பு.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது வரிசையில் இருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்தார். ஆட்டத்தை நிறுத்தாமலேயே ஒரு பக்கம் இரண்டடி நகர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் மறுபக்கம் நகர்ந்தார். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம். கூப்பிடவில்லை, கை காட்டவில்லை, இடத்தைத் திறந்து வைத்துவிட்டு ஆடிக்கொண்டே இருந்தார்கள். பையை மரத்தடியில் வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

வலது பக்கம் மூன்று அடி, கைதட்டு, இடது பக்கம் மூன்று அடி, கைதட்டு, பின்னால் இரண்டு, அப்புறம் கால்வாசி வட்டம் திரும்ப வேண்டும். முன்னால் இருப்பவரின் குதிகாலைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது எல்லோரும் பக்கவாட்டில் வந்தார்கள். இன்னொரு தடவை திரும்பியதும் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு திருப்பத்தில் முன்னால் இருந்தவர்கள் பின்னால் போய்விடுகிறார்கள். ஐந்து வரிசையில் நான்காவதில் நின்ற எனக்கு முன்னால் இப்போது ஒரே ஒரு வரிசை. அதிலும் எனக்கு நேரே யாரும் இல்லை, ஏரிதான் தெரிந்தது. பார்த்து ஆட ஆள் இல்லை.

நின்றுவிட்டேன். அப்போது அந்த அம்மா இசைக்கு மேலே எண்ண ஆரம்பித்தார். “மோட், ஹாய், பா, போன்.” ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. என் முழங்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து, திரும்ப வேண்டிய நேரத்தில் மட்டும் லேசாகத் தள்ளினார். அந்தப் பாட்டு முடிவதற்குள் எண்ணிக்கை என் வாய்க்கு வந்துவிட்டது. பின்னால் யாரோ சிரித்துக்கொண்டே என்னோடு சேர்ந்து எண்ணினார்கள். ஏழு மணிக்கு ஸ்பீக்கரை அணைத்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணும் நனைந்திருந்தது. அந்த அம்மா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார்.

அன்று இரவு அறையில் அந்த வீடியோவை மறுபடி போட்டேன். இந்த முறை குர்கானில் எடுத்த காட்சியில் நிறுத்தினேன். அலங்கார உடையில் நடனப் பெண்கள், நடுவில் மேட். முன்பெல்லாம் அவர்களுடைய உடையைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் காலைப் பார்த்தேன். அங்கே அவர் தன் ஆட்டத்தை ஆடவில்லை. அந்தப் பெண்களின் அடவைக் கற்றுக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து அதையே ஆடுகிறார். 2012-இல் வந்த அடுத்த வீடியோவில் இது இன்னும் வளர்ந்தது. போகிற ஊரின் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு ஆடினார். பின்னணித் திரை என்று கோபப்பட்டவர்களுக்கு அவர் காலாலேயே பதில் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த 2012 வீடியோவில் சிரியாவின் டமாஸ்கஸும் வருகிறது. அங்கே ஆடியவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று முகங்களை மங்கலாக்கியிருப்பார்கள். முகம் தெரியாமல் ஆடும் அந்தச் சில விநாடிகளைத் தாண்டிப் போக என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.

மறுநாளும் ஐந்தரைக்கே போய்விட்டேன். போனை அறையிலேயே வைத்துவிட்டேன். நான்காவது வரிசையில் இடம் திறந்தே இருந்தது. அந்த அம்மா என் பையை வாங்கி, தன் பையோடு சேர்த்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டாவது திருப்பத்தில் ஏரி முன்னால் வந்தது. எண்ணிக்கொண்டே ஆடினேன். எனக்குப் பக்கத்தில் அன்று புதிதாக வந்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண், என் காலைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தாள்.