வாடகை தராதவரிடமிருந்து தண்டையார்பேட்டை வீட்டைச் சட்டப்படி மீட்ட அனுபவம்

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் இருக்கிறது. மாடியில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். கீழ்ப் பகுதியை 1999ஆம் ஆண்டு ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒப்பந்தம் எழுதும் வழக்கம் குறைவு. அட்வான்ஸைக் கையில் கொடுத்து, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். இருபது ஆண்டுகள் வாடகை ஒழுங்காக வந்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என் மனைவியை ஆயா என்று அழைத்து வளர்ந்தவர்கள். 2020இல் ஊரடங்கு வந்தபோது குடும்பத் தலைவருக்கு வேலை இல்லாததால் நாங்களே சில மாத வாடகையைக் கேட்காமல் விட்டோம். அவர் வேலைக்குத் திரும்பிப் புதிய வண்டி வாங்கிய பிறகும் வாடகை மட்டும் திரும்ப வரவில்லை. முதலில் "அடுத்த மாசம் சேர்த்துத் தரேன் ஐயா" என்றார். பிறகு, தான் செய்த ரிப்பேர் செலவில் கழித்துக்கொள்ளச் சொன்னார். கடைசியில், இத்தனை வருடம் இருந்தவர்களை யாராலும் காலி செய்ய வைக்க முடியாது, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

வாடகை வராவிட்டாலும் செலவு நிற்பதில்லை. அரையாண்டுக்கு ஒரு முறை சொத்து வரியும் குடிநீர் வாரியத்தின் வரியும் நாங்கள்தான் கட்ட வேண்டும். 2022இல் சொத்து வரி வேறு உயர்ந்தது. கீழ்ப் பகுதியின் மின் இணைப்பு என் மனைவியின் பெயரில் இருப்பதால், அவர்கள் கட்டாமல் விட்ட மின் கட்டணமும் எங்கள் தலையில்தான் வந்து விழுந்தது. ஓய்வூதியத்திலும் மாத்திரைச் செலவிலும் கணக்குப் பார்த்து வாழும் இரண்டு முதியவர்களுக்கு இது என்ன பாரம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தண்ணீரை நிறுத்துங்கள், மின்சாரத்தைத் துண்டியுங்கள் என்றார்கள் சிலர். ஆள் வைத்துக் காலி செய்து தருகிறேன், இவ்வளவு கொடுங்கள் என்று ஒருவர் வீட்டுக்கே வந்தார். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடும் என்று ஒரு உறவினர் சொன்னதைக் கேட்டு என் மனைவி பல இரவுகள் உறங்கவில்லை. இது தவறான நம்பிக்கை. வீட்டுக்காரரின் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர், எத்தனை ஆண்டுகள் இருந்தாலும், அந்தக் குடியிருப்பைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது. இந்த ஒரு பயத்தாலேயே வடசென்னையில் எத்தனையோ முதியவர்கள் கிடைத்த விலைக்குக் குடியிருப்பவருக்கே வீட்டை எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வீடு என் மனைவியின் பெயரில் இருந்தது எங்களுக்கு ஒரு வழியைத் திறந்தது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்டு, மனு எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கு அமர்த்தப்பட்ட வக்கீல் அம்மா முதல் சந்திப்பிலேயே இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொன்னார். ஒன்று, தண்ணீரிலோ மின்சாரத்திலோ கை வைக்கக் கூடாது. வாடகை பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, அப்படிச் செய்தால் புகார் கொடுக்கும் இடத்துக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். மற்றொன்று, 2007ஆம் ஆண்டின் முதியோர் நலச் சட்டத்தின் கீழ் மனு கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அலைய வேண்டாம். அது பிள்ளைகளுக்கும் வாரிசுகளுக்கும் எதிரானது, குடித்தனக்காரருக்குப் பொருந்தாது.

எங்களுக்குப் பொருந்திய சட்டம், 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் பற்றிய சட்டம். இது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்பே வாய்ப்பேச்சில் குடிவந்தவர்களும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதும், அது நடக்காவிட்டால் அதுவே வீட்டைத் திரும்பக் கேட்கக் காரணமாகும் என்பதும் அதில் இருக்கிறது. 21ஆம் பிரிவின் (2)ஆம் உட்பிரிவில் இது முதல் காரணம். இரண்டு மாத வாடகை பாக்கி என்பது இரண்டாவது. எனக்கு இயல்பாகவே பாக்கியைக் காட்டி வழக்குப் போடத்தான் தோன்றியது. வக்கீல் அம்மா மறுத்தார். பாக்கி என்று போனால் வாடகை எவ்வளவு, எதில் கழித்தது, ரசீது எங்கே என்று வாக்குவாதம் நீளும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணமே போய்விடும். ஒப்பந்தம் இல்லை என்பதற்கோ ஒரே கேள்விதான், அதற்கு ஒரே பதில்தான். எங்கள் வழக்கின் போக்கை முடிவு செய்தது அவருடைய இந்தத் தேர்வுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே ஒப்பந்த வரைவு ஒன்றைத் தயாரித்து, கையெழுத்திட வருமாறு கேட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். குடியிருந்தவர் வாங்க மறுத்ததால் உறை திரும்பி வந்தது. நான் அதைப் பிரிக்கப் போனேன். வக்கீல் அம்மா தடுத்து, தபால்காரர் எழுதிய குறிப்போடு அந்த உறையை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். சரியான முகவரிக்குப் போன பதிவுத் தபாலை வாங்க மறுத்தால், அது கிடைத்ததாகவே கருதப்படும். திரும்பி வந்த நோட்டீஸைக் கோபத்தில் கிழித்துப் போடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சென்னையில் இந்த வழக்குகள் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கின்றன. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மின்தூக்கி பெரிய உதவி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மனுதாரர் நேரில் போக வேண்டியதில்லை, சாட்சியம் சொல்லும் நாளில்தான் அவசியம் என்பது முன்பே தெரிந்ததால் என் மனைவிக்கு அலைச்சல் குறைந்தது. கிரயப் பத்திரம், சொத்து வரி ரசீது, மின் அட்டை ஆகியவற்றோடு நாங்கள் கொடுத்த மிக வலுவான ஆவணம் பழைய வங்கிப் பாஸ்புத்தகம். சில ஆண்டுகளாக அவர் வாடகையை வங்கிக் கணக்கில் செலுத்தி வந்திருந்தார். அந்த வரவுகள் அவர் வாடகைதாரர்தான் என்பதை நிரூபித்தன. வீட்டைத் தனக்கு விற்பதாக நாங்கள் வாய்மொழியாகச் சொன்னோம் என்று அவர் தன் பதில் மனுவில் எழுதியிருந்த கதை அங்கே நிற்கவில்லை. குறுக்கு விசாரணையில், மாடி இருக்கும்போது கீழ்ப் பகுதி உங்களுக்கு எதற்கு என்று அவருடைய வக்கீல் கேட்டார். என் மனைவி, "வாங்காத கடிதத்தில் இருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்" என்றார். சொந்தக் குடியிருப்புக்குத் தேவை என்று வழக்குப் போட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு நாங்கள் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இந்தக் காரணத்துக்கு அது தேவைப்படவில்லை.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. அவர்கள் காலி செய்யவில்லை. தீர்ப்பு வந்தால் சாவி கைக்கு வந்துவிடும் என்று நினைத்திருக்கும் முதியவர்கள் மனம் தளர்வது இந்தக் கட்டத்தில்தான். நிறைவேற்று மனு தனியாகப் போட வேண்டும்; அதற்கும் நோட்டீஸ், அதற்கும் வாய்தா. இடையில் மேல்முறையீடு செய்யப் போகிறோம் என்ற பயமுறுத்தல், சமரசம் பேச வருபவர்கள், "இன்னும் ஒரு வருஷம் விடுங்க பெரியவரே" என்ற வேண்டுகோள் எல்லாம் வந்தன. எழுத்தில் கொடுத்து நீதிமன்றத்தில் பதிவு செய்வதாக இருந்தால் பேசலாம் என்று மட்டும் பதில் சொன்னோம். யாரும் எழுதித் தர முன்வரவில்லை. கடைசியில் நீதிமன்ற ஊழியரான அமீனா வாரண்டோடு வந்து நின்ற பிறகுதான் சாமான்களை ஏற்றினார்கள். எங்களுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. அந்தப் பிள்ளைகளில் மூத்தவள் என் மனைவியின் முகத்தைப் பார்க்காமலேயே போனாள். அமீனா முன்னிலையில் அறைகளைப் படம் எடுத்து, சொந்தப் பூட்டைப் போட்டு, வீடு ஒப்படைக்கப்பட்டதற்கான அறிக்கையில் கையெழுத்திட்டோம்.

நிலுவை வாடகைக்குத் தனி வழக்குப் போடலாம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாக்கியைக் கேட்க முடியாது. அட்வான்ஸைக் கழித்துப் பார்த்தபோதும் பெரும் தொகை மீதம் இருந்தது. மறுபடியும் நீதிமன்றப் படி ஏற என் மனைவிக்கு விருப்பமில்லாததால் அதை விட்டுவிட்டோம். இப்போது கீழ்ப் பகுதியில் வேறு குடும்பம் இருக்கிறது. சட்டம் சொல்லும் மூன்று மாத வாடகை அளவுக்கே முன்பணம் வாங்கி, ஒப்பந்தம் எழுதி, அரசின் இணையதளத்தில் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து, பதிவு எண் உள்ள தாளின் நகலை ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறோம்.