நான்கு பிஸ்டனா, பெரிய ரோட்டரா?

நீண்ட இறக்கம் முடிந்து இன்று கீழே நின்றபோது பின் ரோட்டர், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு, சூட்டில் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. லீவரை அழுத்தினால் கைப்பிடியையே போய்த் தொடுகிறது. சரி, மவுண்டன் பைக்குக்குப் புது பிரேக் வாங்கியே ஆக வேண்டும்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: நான்கு பிஸ்டன் காலிப்பர் போடு. பிஸ்டன்களால் பிரேக் பேடைத் தள்ளி ரோட்டரைக் கவ்வும் பகுதிதான் காலிப்பர்.

போடலாம்தான். பேட் பெரிது, பிடியும் அதிகம். ஆனால் அதற்கு முன் ரோட்டரைப் பாருங்கள். 160 மி.மீ. விட்டத்தை 180 ஆக்கினாலே, அதே விரல் அழுத்தத்துக்குச் சுமார் 12 சதவீதம் கூடுதல் நிறுத்தும் விசை கிடைக்கும், சூடும் சீக்கிரம் தணியும், செலவும் குறைவு. ஃபோர்க்கும் ஃபிரேமும் எந்த அளவு வரை தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், லீவரின் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் எண்ணெய். ஷிமானோ கம்பெனி பிரேக்கில் மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனியின் பல மாடல்களில் டாட் (DOT) எனும் பிரேக் திரவம். இந்த டாட் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும், பெயின்ட்டில் சிந்தினால் அரித்துவிடும். குளிர்காலத்தில் ஒழுங்காக வேலை செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எதுவானாலும் ஒன்றில் இன்னொன்றை ஊற்றிவிடாதீர்கள், சீல் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும்.

பேட் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. சேற்றுக்கும் நீண்ட இறக்கத்துக்கும் மெட்டல் பேட்தான். கொஞ்சம் கத்தும், கத்தட்டும். சில மலிவு ரோட்டர்களில் 'ரெசின் பேட் மட்டும்' (பிசின் கலந்த மென்மையான பேட்) என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதில் மெட்டலைப் போட்டால் ரோட்டர் வேகமாகத் தேயும்.

என் முடிவு: முன்னால் நான்கு பிஸ்டன், 203 மி.மீ. ரோட்டர். பின்னால் இரண்டு பிஸ்டன், 180. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தானே.